அயல் மரங்களை வெட்டினால் காட்டுத்தீ குறையுமா? ஓக்லண்ட் குன்றுகள் காட்டும் விடை

குடியிருப்புகளை ஒட்டிய குன்றுகளில் அயல்நாட்டு மரங்களை வெட்டிவிட்டால் காட்டுத்தீ அபாயம் குறையும் என்பது உண்மையானால், கலிபோர்னியாவின் ஓக்லண்ட், பெர்க்லி நகர மக்கள் தைலமரங்களை வெட்டுவது குறித்து ஏன் இத்தனை ஆண்டுகளாகச் சண்டையிடுகிறார்கள், அறிவியல் இதில் யார் பக்கம் இருக்கிறது என்பது கேள்வி.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்க்கலாம். ஒரு மரம் எந்தக் கண்டத்தில் தோன்றியது என்பதற்கும் அது எப்படி எரியும் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உலர்ந்த சருகு எவ்வளவு சேர்கிறது, அது தரையிலிருந்து உச்சிவரை இடைவெளியின்றித் தொடர்கிறதா, எரிந்தபடியே காற்றில் பறக்கக்கூடிய பொருள் அதில் உண்டா, பக்கத்து வீட்டின் கூரை எதனால் ஆனது ஆகியவைதான் தீயின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஓக்லண்ட் குன்றுகளில் நிற்கும் 'புளூ கம்' என்ற யூகலிப்டஸ் வகை, அதாவது நாம் தைலமரம் என்று பொதுப்பெயரில் அழைப்பவற்றுள் ஒன்று, இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவற்றில் மோசமாகவே நிற்கிறது என்பது என் மதிப்பீடு. ஆகவே அதைக் குறைப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை 'அயல்' என்ற சொல்லின் மீது நிறுத்தியதும், வெட்டிய இடத்தில் பிறகு என்ன வளரும், அதை யார் பராமரிப்பார்கள் என்பதைப் பின்னுக்குத் தள்ளியதுமே சண்டையை இவ்வளவு நீட்டித்தன.

இந்த மரங்கள் அங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். டாஸ்மேனியாவையும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கையும் தாயகமாகக் கொண்ட இந்த மரம், 1850களில், தங்கத்தைத் தேடி மக்கள் குவிந்த காலத்தில் கலிபோர்னியாவுக்கு வந்தது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிராங்க் ஹேவன்ஸ் என்ற நிலவணிகர் இதற்கென ஒரு நிறுவனமே தொடங்கி, அதுவரை பெரும்பாலும் புல்வெளியாகவும் புதராகவும் இருந்த ஓக்லண்ட், பெர்க்லி குன்றுகளின் மீது லட்சக்கணக்கான கன்றுகளை நட்டார். விரைவாக வளரும் மரத்திலிருந்து விலையுயர்ந்த பலகை கிடைக்கும் என்பது கணக்கு. இளம் மரத்தின் பலகை உலரும்போது முறுக்கிக்கொண்டு வெடித்தது, கணக்குப் பொய்த்தது, நிறுவனம் மூடப்பட்டது, மரங்கள் மட்டும் நின்றுவிட்டன. பிறகு அவற்றின் ஊடாகவும் அடியிலும் வீடுகள் எழுந்தன. மரத்தை நட்டவர்கள் ஒருவர், அதன் நிழலில் வாழ வந்தவர்கள் வேறொருவர் என்பதால், இதை யாருடைய பொறுப்பு என்று சொல்வதே தொடக்கத்திலிருந்து சிக்கலாக இருந்தது.

சண்டையின் மையத்தில் இருப்பது 1991ஆம் ஆண்டின் தீ. அக்டோபர் 19, சனிக்கிழமை, ஓக்லண்ட் குன்றில் ஒரு சிறிய புல்தீ பற்றியது. தீயணைப்புப் படையினர் அதை அடக்கிவிட்டதாகவே நினைத்தார்கள். மறுநாள் முற்பகலில், உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் டயாப்ளோ காற்று என்ற வறண்ட வெப்பக் காற்று அந்தக் கங்குகளைக் கிளப்பிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழ 790 கட்டடங்கள் எரிந்தன. முடிவில் 25 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 150 பேர் காயமடைந்தார்கள், சுமார் 1,520 ஏக்கர் கருகியது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அழிந்தன. இழப்பு 150 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. ஐந்தாண்டு வறட்சி, முந்தைய டிசம்பரில் அடித்த கடும் உறைபனியால் காய்ந்து நின்ற கிளைகள், மரச்சில்லு வேய்ந்த கூரைகள், இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத வளைவுச் சாலைகள், மின்சாரம் அறுந்ததால் நீரேற்ற முடியாமல் வற்றிய தொட்டிகள், பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கு வந்த வண்டிகளின் குழாய் பொருந்தாத அளவில் ஓக்லண்ட் வைத்திருந்த தீயணைப்பு நீர்முனைகள் என எல்லாமே அன்று ஒன்றுசேர்ந்தன. இந்த நீண்ட பட்டியலில் தைலமரம் ஒரு பெயர். ஒரு தரப்பு அதை முதலிடத்தில் வைக்கிறது, மறுதரப்பு கடைசியில் வைக்கிறது.

தைலமரத்தின் மீதான குற்றச்சாட்டில் பலரும் எடுத்தவுடன் சொல்வது இலையிலுள்ள எண்ணெய். இது பாதி உண்மை. எண்ணெய் எரிதலுக்கு உதவுகிறது. ஆனால் அந்தக் குன்றுகளுக்கே உரிய கலிபோர்னியா பே மரத்தின் இலையிலும் எண்ணெய் மிகுதி. உண்மையான சிக்கல் பட்டையில் இருக்கிறது. புளூ கம் ஆண்டுதோறும் தன் பட்டையை நீண்ட நாடாக்களாக உரிக்கிறது. சில நாடாக்கள் கிளைப் பிரிவுகளில் சிக்கித் தொங்கும். சில அடிமரத்தைச் சுற்றிக் குவியும். தரையில் கிளம்பும் சிறு தீ இந்தத் தொங்கும் பட்டை வழியே ஏணியில் ஏறுவதுபோல உச்சிக்குப் போகிறது. உச்சியில் பற்றிய பட்டைச் சுருள் காற்றில் எரிந்துகொண்டே பறக்கிறது, வெகுதூரம் பறந்தும் அணையாமல் விழுகிறது. கூடவே இலை, பட்டை, காய், சுள்ளி என இந்த மரம் உதிர்ப்பதன் அளவு பெரிது; கலிபோர்னியாவின் நீண்ட மழையற்ற கோடையில் அது எளிதில் மட்குவதும் இல்லை. பராமரிக்கப்படாத தைலத்தோப்பு ஒன்றில் நடப்பவருக்குக் காலடியில் தரை தட்டுப்படாமல் மெத்தைமீது நடப்பது போலிருக்கும். அந்த மெத்தை முழுவதும் எரிபொருள்.

எதிர்ப்பவர்களின் வாதத்தை மரக்காதலர்களின் உணர்ச்சி என்று தள்ளிவிடுவது தவறு. அதில் பௌதிகம் உண்டு. உயரமான, அடர்ந்த தோப்பு நிழல் தருகிறது, காற்றின் வேகத்தைத் தரைமட்டத்தில் குறைக்கிறது, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து ஏறிவரும் கோடைமூடுபனியைத் தன் இலைகளில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகிறது. ஆகவே பெரும்பாலான நாட்களில் தோப்புக்குள் இருக்கும் சருகு, திறந்த வெளியிலுள்ள புல்லைக் காட்டிலும் ஈரமாகவே இருக்கிறது. மரத்தை அகற்றினால் அந்த நிழலும் ஈரமும் போய், ஓரிரு ஆண்டுகளில் ஆளுயரப் புல்லும், முட்செடிகளும், ஃபிரெஞ்சு புரூம் என்ற எளிதில் பற்றும் மஞ்சள்பூப் புதரும் (அதுவும் அயல்தான்) அங்கே எழும். பற்றவைக்கச் சிறு பொறி போதும் என்ற அளவில் பார்த்தால் புல்தான் மரத்தைவிட ஆபத்தானது. 1991இல் தீ தொடங்கியதும் புல்லில்தான். 1923 செப்டம்பரில் பெர்க்லியில் ஏறத்தாழ 600 கட்டடங்களைக் கொண்டுபோன தீயும் குன்றின் புல்வெளியில் கிளம்பி, மரக்கூரைகள் வழியாக வீடுவீடாகத் தாவியது. இவற்றை எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டும்போது அவர்கள் சொல்வது சரி.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பேசுபவர்கள் குறைவு. ஊரை எரிக்கும் தீ சராசரி நாளில் வருவதில்லை. இலையுதிர் காலத்தில், மூடுபனி ஒதுங்கி, டயாப்ளோ காற்று வீசும் சில நாட்களில் வருகிறது. அந்த நாட்களில் காற்றின் ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மெல்லிய சருகு தன் ஈரத்தைச் சில மணி நேரத்திலேயே இழந்துவிடும். கோடை முழுவதும் தோப்பு சேமித்துவைத்த ஈரம் அந்த ஒருநாளுக்குக் கைகொடுப்பதில்லை. ஆகவே ஆண்டின் முந்நூற்றைம்பது நாட்களுக்குத் தோப்பு பாதுகாப்பானது என்பதும், மிச்சமிருக்கும் நாட்களில் அதுவே மிகுந்த ஆபத்து என்பதும் ஒன்றையொன்று மறுக்காத இரண்டு உண்மைகள்.

'அபாயம்' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பொருட்கள் ஒளிந்திருப்பதுதான் இந்த விவாதத்தை இடறவைக்கிறது. தீ பற்றும் வாய்ப்பு ஒன்று. பரவும் வேகம் மற்றொன்று. எரியும் வெம்மை வேறு. கங்குகள் எவ்வளவு தூரம் பறக்கும் என்பது வேறு. மரங்களை அகற்றிப் புல்லாக விட்டால் முதல் இரண்டும் கூடக்கூடும், பின்னிரண்டும் நிச்சயம் குறையும். புல்தீ வேகமாக ஓடும், ஆனால் அதன் சுடர் தாழ்ந்தது, சீக்கிரம் அடங்கும், தீயணைப்பு வீரர் அதன் பக்கவாட்டில் நின்று போராட முடியும். உச்சிவரை பற்றிய தைலத்தோப்பின் முன் எவரும் நிற்க முடியாது. அது பின்னால் உள்ள பத்துத் தெருக்களில் ஒரே நேரத்தில் கங்குகளைக் கொட்டும். இரு தரப்பினரும் நான்கில் தமக்கு வசதியான இரண்டை எடுத்துக்கொண்டு மற்றவரைப் பொய்யர் என்கிறார்கள். எனக்கு, உயிரிழப்பைத் தீர்மானிப்பவை பின்னிரண்டும் என்பதால், அவற்றுக்குக் கூடுதல் எடை கொடுக்கத் தோன்றுகிறது. இது ஒரு மதிப்புத் தீர்ப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடிக்கடி சிறு தீ வருவதை விரும்பாத ஒருவர் வேறுவிதமாக எடைபோடலாம்.

வெட்டிய பிறகு என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் குன்றுகளே சாட்சி. 1972 டிசம்பரில் வழக்கத்துக்கு மாறான உறைபனி பல நாட்கள் நீடித்தது. தைலமரங்கள் ஆயிரக்கணக்கில் இலை கருகி, செத்துவிட்டதுபோல நின்றன. அடுத்த தீக்காலத்துக்குள் அகற்றியாக வேண்டும் என்ற பதற்றத்தில் பெரும் செலவில் பல தோப்புகள் வெட்டப்பட்டன. ஆனால் புளூ கம் மரத்தின் உயிர் தூரில் இருக்கிறது. கரும்பை வெட்டிய வயலில் மறுதாம்பு வருவதுபோல, வெட்டிய தூரிலிருந்து நான்கும் ஐந்துமாகத் துளிர்கள் கிளம்பின. ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள். இடைவெளி இருந்த தோப்பில் நெருக்கம். முன்னிலும் அதிகச் சருகு. ஒரு தலைமுறைக்குப் பிறகு அதே நிலத்தில் அதே மரத்தை வெட்ட மறுபடியும் பணம் கேட்டு நிற்க நேர்ந்தது. மறுதாம்பைத் தடுக்க வேண்டுமானால் வெட்டிய சில நிமிடங்களுக்குள் தூரின் வெட்டுமுகத்தில் களைக்கொல்லி பூச வேண்டும், அல்லது தூரை அரைத்தெடுக்க வேண்டும், அல்லது ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று துளிர்களை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலாவது மலிவு, ஆனால் மக்கள் அஞ்சுவது. இரண்டாவது சரிவான நிலத்தில் மண்ணைக் கிளறிவிடும். மூன்றாவது ஒழுங்காக நடந்ததாக எங்கும் பார்ப்பது அரிது.

இந்தப் பின்னணியில்தான் அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் நிதித்திட்டம் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஓக்லண்ட் நகராட்சி, கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்கா மாவட்டம் ஆகிய மூன்றும் நிதி கேட்டன. மூன்றும் ஒரே குன்றுத்தொடரில் நிலம் வைத்திருந்தும் வழிமுறையில் வேறுபட்டன. பல்கலைக்கழகமும் நகராட்சியும் தைலமரம், மான்டரே பைன், அகேசியா ஆகியவற்றை முழுவதுமாக அகற்றி, அடியில் ஏற்கெனவே முளைத்திருந்த ஓக், பே போன்ற உள்ளூர் மரங்கள் தாமாக மேலெழட்டும் என்றன. பூங்கா மாவட்டம் மரங்களுக்கிடையே இடைவெளி விட்டுக் களைந்து, தரைச் சருகை அகற்றி, பெரிய மரங்களை நிற்கவிடுவதை விரும்பியது. 2013இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க வரைவறிக்கைக்குப் பதின்மூவாயிரம் அளவில் கருத்துகள் வந்து குவிந்தன. எத்தனை மரங்கள் வெட்டப்படும் என்ற எண்ணிக்கையிலேயே இரு தரப்பும் பல மடங்கு வேறுபட்டன. கைப் பருமனே உள்ள இளங்கன்றையும் மரமாக எண்ணுவதா என்பதில் தொடங்கும் வேறுபாடு அது. வெட்டிய மரத்தைச் சில்லுகளாக்கிச் சில இடங்களில் இரண்டடி ஆழம்வரை பரப்பிவைக்கும் திட்டம் எதிர்ப்பாளர்களுக்கு நல்ல ஆயுதமாயிற்று: எரிபொருளைக் குறைப்பதாகச் சொல்லிவிட்டு அதை நின்ற நிலையிலிருந்து படுத்த நிலைக்கு மாற்றுவதா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே, சில்லுப் படுகை புகைந்து எரியும், அணைப்பது கடினம், ஆனால் அது உச்சித்தீயாகிக் கங்குகளை வீசாது என்ற விடையும் நியாயமானதே.

2015 மார்ச்சில் ஃபீமா சமரசமாக ஒரு முடிவெடுத்தது: உடனடியாக முழுவதும் அகற்றாமல், பத்தாண்டுகளில் படிப்படியாகக் களைந்துகொண்டு போகலாம். சமரசம் இருவரையும் சினமூட்டியது. ஹில்ஸ் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற குடியிருப்போர் அமைப்பு, இந்த வெட்டுதலை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. சியரா கிளப் என்ற பழம்பெரும் சூழலமைப்பு, முழுவதும் வெட்டாமல் மெல்ல வெட்டுவது போதாது என்று எதிர்த்திசையில் வழக்குத் தொடுத்தது. மரத்தைக் காக்க ஒரு சூழல் அமைப்பும் மரத்தை வெட்ட ஒரு சூழல் அமைப்பும் ஒரே ஆண்டில் ஒரே முகமையை நீதிமன்றத்துக்கு இழுத்தது வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை. அந்த ஜூலையில் பல்கலைக்கழகத் தோப்பில் பலர் ஆடை களைந்து மரங்களைத் தழுவிப் படமெடுத்துக்கொண்டதுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. களைக்கொல்லியின் அளவு பற்றிய கூர்மையான கேள்விகள் அந்தப் படங்களுக்குப் பின்னால் மறைந்துபோயின. 2016 செப்டம்பரில் ஒரு வழக்கு சமரசமாக முடிந்தபோது, பல்கலைக்கழகத்துக்கும் நகராட்சிக்கும் உரிய நிதியை ஃபீமா திரும்பப் பெற்றது. பூங்கா மாவட்டத்தின் பங்கு மட்டும் தப்பியது.

நான் கவனித்தவரை, திட்டம் உடைந்ததற்குக் காரணம் தீ அறிவியலில் இருந்த குழப்பம் மட்டும் அல்ல. உள்ளூர்க் காட்டை மீட்டெடுப்பது ஒரு நோக்கம். வீடுகளைத் தீயிலிருந்து காப்பது வேறொரு நோக்கம். இரண்டும் நல்லவையே. ஆனால் முதலாவதற்குப் பேரிடர் நிதி கிடைக்காது என்பதால், இரண்டாவதன் பெயரில் முதலாவதும் சேர்ந்தே பயணம் செய்தது. வீடுகளிலிருந்து வெகுதொலைவில், பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் உள்ள தோப்பையும் அதே அவசரத்தோடு வெட்டச் சொன்னபோது, 'இது தீக்காகவா, தாவரவியலுக்காகவா?' என்ற ஐயம் எழுந்தது. எழுந்த ஐயம் பிறகு திட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் படிந்தது. எதிர்த்தரப்பிலும் இதற்கு இணையான கலப்பு இருந்தது: அழகுணர்ச்சியையும், வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் பசுமையின் மீதான பற்றையும் தீ அறிவியலின் மொழியில் பேசினார்கள். அவற்றை அவையாகவே சொல்லியிருந்தால், அவற்றுக்கும் மதிப்புண்டு.

'அயல்' என்ற சொல் எவ்வளவு வழுக்கலானது என்பதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எரிந்த தீ 173 பேரைக் கொன்றது. அங்கே கங்குகள் முப்பது கிலோமீட்டர் தாண்டியும் பறந்து விழுந்தன. எரிந்தவை அந்த மண்ணுக்கே உரிய யூகலிப்டஸ் காடுகள். அதற்கு ஆறாண்டுகள் முன்பு, 2003 ஜனவரியில், கான்பராவின் டஃபி என்ற புறநகருக்குள் தீ நுழைந்தபோது அது கடந்துவந்தது பைன் தோட்டங்களை. அந்தப் பைன், கலிபோர்னியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட மான்டரே பைன். ஆக, இரு நாடுகளும் தத்தம் மரத்தை மாற்றிக்கொண்டன. இரு நாடுகளிலும் அயல் மரமும் எரிந்தது, உள்ளூர் மரமும் எரிந்தது. அதோடு, மான்டரே பைன் கலிபோர்னியாவிலேயே கடற்கரையின் மூன்று திட்டுகளுக்கு மட்டும் உரியது. ஓக்லண்ட் குன்றுகளில் அதுவும் அயல் பட்டியலில்தான் வருகிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் நகர்ந்தால் ஒரு மரம் அயலாகிவிடும் என்றால், அந்தச் சொல்லை வைத்துத் தீயைக் கணக்கிட முடியாது. உயிரினப் பன்மையைப் பேசும்போது அது தேவையான சொல். வேறு வேலைக்கு அதை அனுப்பக் கூடாது.

ஒரே நிகழ்வை இரு தரப்பும் எப்படி வாசிக்கின்றன என்பதற்கு விரிகுடாவின் நடுவிலுள்ள ஏஞ்சல் தீவைப் பார்க்கலாம். 1990களில் அங்கே மாநிலப் பூங்காத் துறை ஏறத்தாழ 80 ஏக்கர் தைலத்தோப்பை அகற்றியது. அப்போதே பெரும் எதிர்ப்பு இருந்தது. 2008 அக்டோபரில் தீவின் பாதியளவு எரிந்தது. 'பார்த்தீர்களா, மரத்தை வெட்டினீர்கள், புல்லும் புதரும் வந்தன, அவையே எரிந்தன' என்றது ஒரு தரப்பு. 'பார்த்தீர்களா, தைலமரங்கள் இல்லாததால் தீ தாழ்வாக ஓடியது, வரலாற்றுக் கட்டடங்கள் பிழைத்தன' என்றது மறுதரப்பு. முன்பு சொன்ன நான்கு பொருட்களை நினைவில் வைத்தால் இரண்டும் ஒரே தீயைப் பற்றிய சரியான கூற்றுகள் என்பது விளங்கும்.

போர்ச்சுகல் வேறொரு பாடம். அங்கே காகிதக்கூழுக்காக நட்ட தைலமரம் நாட்டின் காடுகளில் கால்பங்கு அளவுக்குப் பரவியிருக்கிறது. 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராண்டே தீயில் 66 பேர் இறந்தார்கள், பலர் சாலையில் வண்டிக்குள்ளேயே. அந்த ஆண்டே புதிய தைலத்தோட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் வந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பொருளுள்ளதாகத் தோன்றுவது ஃபெராரியா தே சாவ் ஜோவாவ் என்ற சிற்றூரார் செய்தது. தீ வந்தபோது ஊரையொட்டி நின்ற பழைய கார்க் ஓக் தோப்பு அதன் வேகத்தை மட்டுப்படுத்தியதைக் கண்ட அவர்கள், கூடிப் பேசி, வீடுகளைச் சுற்றி நூறு மீட்டருக்குள் இருந்த தைலமரங்களைத் தூரோடு பெயர்த்து, மெல்ல எரியும் அகன்ற இலை மரங்களை நட முடிவுசெய்தார்கள். நிலம் பலருடையது, துண்டு துண்டானது; ஒவ்வொருவரிடமும் இசைவு பெறவேண்டியிருந்தது. நாடு முழுவதும் தைலமரம் இருக்கலாமா கூடாதா என்ற பெரிய கேள்வியை அவர்கள் எடுக்கவில்லை. எந்த எல்லைக்குள், எதற்காக, யார் பராமரிப்பில் என்று சிறிய கேள்வியை எடுத்தார்கள். அதற்கு விடை கண்டார்கள். ஓக்லண்டில் விடுபட்டது இந்த வரிசைதான்.

வீட்டைச் சுற்றிய வளையத்தில் கவனம் வைப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க வனத்துறையில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த ஜாக் கோஹன், வீடு எரிவதைத் தீர்மானிப்பது வீடும் அதைச் சுற்றிய முதல் முப்பது மீட்டரும்தான் என்று சோதனைகள் மூலம் காட்டினார். அதற்கப்பால் எரியும் மரத்தின் வெப்பக்கதிர் மரச்சுவரைக்கூடப் பற்றவைக்கப் போதாது. வீட்டைக் கொளுத்துவது பெரும்பாலும் பறந்துவரும் கங்கும் ஒட்டிநிற்கும் புதரும்தான். 2018 நவம்பரில் 85 பேரைப் பலிகொண்ட தீயில் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரே சாம்பலானபோது, எரிந்த வீடுகளுக்கு நடுவே பைன் மரங்கள் பச்சையாகவே நின்றன. அவை உள்ளூர் மரங்கள் என்பது இங்கே முக்கியமல்ல. வீடு வீட்டைக் கொளுத்தியது என்பதே முக்கியம். சுவரையொட்டி முதல் ஐந்தடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்ற கொள்கையை கலிபோர்னியா 2020இல் சட்டமாக்கியது. குன்றின் மேலுள்ள பொதுத் தோப்பைப் பற்றி ஆவேசமாகப் பேசும் ஒருவர், இரு தரப்பில் எவராக இருந்தாலும், தன் மழைநீர்த் தாரையில் சேர்ந்திருக்கும் சருகைப் பற்றிப் பேசுவதில்லை. பொதுநிலத்து மரம் பிறர் வேலை, தாரை நம் வேலை என்பதுதான் காரணமென்று சற்றுக் கடுமையாகவே சொல்லத் தோன்றுகிறது. இருந்தாலும் வீட்டைக் கெட்டிப்படுத்தினால் போதும், மரத்தைத் தொட வேண்டாம் என்ற எதிர்ப்பாளர்களின் முடிவோடு நான் உடன்படவில்லை. கங்குமழை எத்தனை அடர்த்தியாக விழுகிறது என்பதும் வீடு தப்புவதைத் தீர்மானிக்கிறது, அந்த அடர்த்தி காற்றின் மேல்திசையில் நிற்கும் தோப்பைப் பொறுத்தது. மேலும், தப்பி ஓடும் சாலையின் இருபுறமும் உள்ள மரங்கள் வீட்டுக்கணக்கில் வராது. 1991இல் பலர் இறந்தது குறுகிய சாலைகளில் சிக்கித்தான்.

ஆகவே ஒரு வெட்டுத்திட்டம் முன்வைக்கப்படும்போது நான் முதலில் பார்ப்பது மரப்பட்டியலை அல்ல, வரைபடத்தை: காட்டப்படும் தோப்பு குடியிருப்பின் எந்தப் பக்கம், தீக்காற்று வீசும் திசையில் இருக்கிறதா, தப்பும் சாலையைத் தொடுகிறதா. அடுத்து, நிதி ஒதுக்கீட்டில் வெட்டும் ஆண்டுக்கு அப்பால் எத்தனை ஆண்டுகளுக்குப் பணம் இருக்கிறது. இதே குன்றுகளிலுள்ள கிளேர்மான்ட் பள்ளத்தாக்கில் பல்கலைக்கழகம் 2000களில் தைலமரங்களை அகற்றிய சரிவுகளில், மறுதாம்பையும் புரூம் புதரையும் ஆண்டாண்டாகச் சென்று அகற்றிய தன்னார்வலர்கள் இருந்ததால், அடியில் காத்திருந்த ஓக், பே மரங்கள் மேலெழுந்தன. அத்தகைய கைகள் இல்லாத இடத்தில் அதே வேலை முட்புதரைத்தான் தரும். வெட்டும் காலமும் முக்கியம். பருந்தும் ஆந்தையும் கூடு வைத்திருக்கும் வசந்தத்தில் வாள் இறங்கினாலோ, மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் கொத்துக்கொத்தாகத் தங்கும் தோப்பைக் கேட்காமல் தொட்டாலோ, அந்த ஒரு தவறு பத்தாண்டு ஆதரவை அழித்துவிடும். களைதல் போதுமா, முழுவதும் அகற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பொதுவிடை இல்லை: சருகை ஆண்டுதோறும் வாரவும் தொங்கும் பட்டையை இறக்கவும் ஆளும் பணமும் உண்டென்றால் களைந்த தோப்பு தாங்கும், இல்லையென்றால் குடியிருப்பின் அருகே அதை வைத்திருப்பது ஏமாற்றிக்கொள்வது.

பணத்தின் நிலையோ தொடர்ச்சியற்றது. 1991 தீயின் நினைவு மங்குவதற்குள் ஓக்லண்ட் குன்றுவாசிகள் 2003இல் தமக்குத் தாமே ஒரு தீத்தடுப்பு வரியை விதித்துக்கொண்டார்கள். அதைப் புதுப்பிக்க 2013இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது; நூலிழையில் கிடைக்கவில்லை; வரி போயிற்று, அதோடு ஆடுகளை மேயவிட்டுப் புல்லைக் குறைக்கும் வேலை முதல் சாலையோரக் களையெடுப்புவரை பலவற்றுக்கான நிலையான வருவாயும் போயிற்று. புதிய தீத்தடுப்பு வரி ஒன்று 2024 நவம்பரில்தான் வாக்காளர்களிடம் தேறியது. இடையில் பத்தாண்டுகளுக்கும் மேல் அந்த வருவாய் இல்லாமலே கழிந்தன.

இதற்கிடையே மரங்கள் தாமே விவாதத்தை மாற்றிவிட்டன. 2020இன் இலையுதிர் காலத்தில் பூங்கா மாவட்டத்தினர், தைலமரமும் அகேசியாவும் பைனும் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் திடீரெனக் காய்ந்துவருவதைக் கண்டார்கள். தொடர்ந்த வறட்சி முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. உயிருள்ள மரத்தைக் காக்க நீதிமன்றம் போனவர்கள் செத்த மரத்துக்காகப் போகவில்லை. இப்போது அங்கே நடக்கும் வேலையின் பெரும்பகுதி காய்ந்து நிற்கும் தோப்புகளை இறக்குவதும், அந்தக் கட்டையை என்ன செய்வது என்று வழிதேடுவதும்தான். செத்ததாகக் கருதி 1972இல் வெட்டிய தூர்கள் எப்படித் துளிர்த்தன என்பதை அறிந்தவர்கள், இம்முறை வெட்டிய இடங்களுக்கு முதல் மழைக்குப் பிறகு திரும்பிப்போய்த் தூர்களைப் பார்க்கிறார்களா என்பதைத்தான் அங்குள்ள மக்கள் தங்கள் நகராட்சியிடமும் பூங்கா மாவட்டத்திடமும் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.